நாடகத்தில் திறந்த கதவு

எங்கள் தெருவை வைத்து டிவியில் ஒரு நாடகம் வந்தது என்று சொன்னால், "அப்படியா, நாங்க பாக்கலையே" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்காமல் போனதே நல்லது. பார்த்துவிட்டு வயிறெரிந்தவர்கள் நாங்கள். அதிலும் என் வயிறு எரிந்த மாதிரி இன்னொருவர் வயிறு எரிந்திருக்காது. அந்த நாடகத்தில் பிணமாகப் படுத்திருந்தவள் நான்தான்.

முதலில் புயலைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கைக்குழந்தை. அதனால் நான் சொல்வதெல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான். நன்னிலத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரைக்குக் கீழே பள்ளத்தில் எங்கள் தெரு. தெரு என்று நாங்கள் சொல்வோம், ஊர்க்காரர்கள் வேறு பேர் சொல்வார்கள். அந்த வருஷம் நடவுக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். பண்ணை வெளியூர் ஆளைக் கொண்டுவந்து நட்டது. வரப்பில் அடிதடி ஆயிற்று. எங்களிடம் செங்கொடி இருந்தது. பண்ணையின் காரில் கழகக் கொடி இருந்தது. ஆட்சி மாறுவதற்கு முன்னால் அதே காரில் வேறு கொடி பறந்தது, அது வேறு விஷயம். போலீஸ் வந்து அப்பாவையும் தெருவின் வேறு சில ஆம்பிளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் உள்ளே இருந்தபோதுதான், கார்த்திகையில், புயல் அடித்து ஆற்றங்கரை உடைந்தது.

சுற்றுவட்டாரத்தில் மாடி வைத்த வீடு பண்ணை வீடு ஒன்றுதான். மேட்டில் இருந்தது. மதிலும், மதிலில் ஒரு பெரிய தேக்குக் கதவும் உண்டு. எங்கள் அக்கா, அவளுக்கு அப்போது பதினாறு பதினேழு வயதிருக்கும், தகராறுக்கு முந்தி அந்த வீட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள். தண்ணீர் தெருவுக்குள் வந்ததும், கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவள் முன்னால் ஓடினாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் போனாள். பாதி வழியில் தண்ணீர் இழுத்துவிட்டது. அம்மா எப்படியோ அய்யனார் கோயில் திட்டில் ஒதுங்கினாள். நாங்கள் இருவரும் பிழைத்தோம். அக்கா வரவில்லை.

உடம்பும் கிடைக்கவில்லை. தெருவில் எத்தனையோ உடம்பு கிடைத்தது, அவளுடையது மட்டும் இல்லை. பண்ணை வீட்டில் கேட்டதற்கு, யாரும் வரவில்லை, தாங்கள் கதவைத் திறக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு மெட்ராஸுக்கும் போய்விட்டார்கள். அதுதான் அம்மாவுக்குப் பிடிமானமாகிவிட்டது.

"தொறந்திருப்பாங்க. அவ ஒருத்திக்கு மட்டும் தொறந்திருப்பாங்க. அத வெளிய சொன்னா, மத்தவங்களுக்கு ஏண்டா தொறக்கலன்னு நாம கேப்பம்ல? அதான் மறைக்கிறாங்க. கூடவே மெட்ராஸுக்கு அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க" என்பாள் அம்மா.

என் அத்தை, அப்பாவின் தங்கச்சி, அந்தக் கதவுவரை போனவள். தட்டித் தட்டிக் கை வீங்கி, கடைசியில் மதிலோரத் தென்னையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை நின்று உயிர் தப்பியவள். "நானே போயித் தட்டுனேன் அண்ணி, தொறக்கல" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"நீ போனது பொழுது சாஞ்சு. அவ போனது வெளிச்சத்துல" என்பாள் அம்மா. சிறையிலிருந்து வந்த அப்பா, கருமாதி பண்ணிவிடலாம் என்று கெஞ்சினார். "உசிரோட இருக்குற புள்ளைக்கா?" என்று அம்மா அரிவாள்மனையைத் தூக்கினாளாம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைக்காமலே போனார்.

அதன்பிறகு வீட்டில் அம்மாவும் நானும். ஆனால் இரண்டு பேர் இருக்கிற வீடு மாதிரி அது ஒருநாளும் இருந்ததில்லை. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். தீபாவளிக்கு ஒரு ரவிக்கைத் துணி கூட எடுப்பாள். அடுப்பில் இருந்துகொண்டு, "மெட்ராஸ்ல இப்ப வெயில் சாஸ்தியா இருக்கும், அவளுக்கு வேர்க்குரு வரும்" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டாள். எனக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதைப் போல, கொஞ்சம் தள்ளிப் பார்த்துச் சொல்வாள். நான் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் இடம் விட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷம் போகப் போக அக்காவுக்கு வயதும் ஏற்றிக்கொண்டே வந்தாள். இப்ப அவளுக்கு இருபத்தஞ்சு, இப்ப முப்பது, உடம்பு கொஞ்சம் பருத்திருப்பா, கண்ணாடி போட்டாலும் போட்டிருப்பா. அக்காவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது? எனக்கு அக்கா முகமே தெரியாது. தெரியாத ஒருத்தி எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னால் சாப்பிட்டு, எனக்கு முன்னால் வயதாகிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் கழுத்தைப் பிடித்தது. நன்னிலத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சீர்காழிப் பக்கத்துக்காரர் ஒருவர் பழக்கமானார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இதில் சொல்லக் கூச்சப்பட என்ன இருக்கிறது, பிடித்திருந்தது. முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். டீ கொடுத்தோம். அவருடைய அம்மா ஊர் வழக்கப்படி கேட்டார், "மூத்த பொண்ணு எங்கங்க?"

"மெட்ராஸ்ல இருக்கா. பெரிய எடத்துல வேல" என்றாள் அம்மா.

"கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. அவ வந்துடட்டும். மூத்தவளுக்கு முடிக்காம சின்னவளுக்கு எப்படிங்க முடிக்கிறது?"

டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க அக்கா இருக்காங்களா இல்லையான்னு ஒங்க வீட்ல ஒரு முடிவுக்கு வாங்க. எங்க வீட்ல தை வரைக்கும் பொறுப்பாங்க, அதுக்கு மேல என்னால தாக்காட்ட முடியாது" என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "செத்தவளக் கட்டிக்கிட்டு அழுவு, நான் இங்கயே கெடந்து மக்கிப் போறேன்" என்று கத்தினேன். "அவ செத்தாங்குறத நீ பாத்தியா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அந்த வருஷம் ஆவணி கடைசியில்தான் படக்காரர்கள் வந்தார்கள். மெட்ராஸிலிருந்து வேன் வந்தது. தாடி வைத்த ஒரு டைரக்டர். எங்கள் புயலை நாடகமாக எடுக்கப்போகிறாராம். பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். பெரியவர் காலமாகி, மகன் சாவி கொடுத்து அனுப்பியிருந்தார். டைரக்டர் எங்கள் தெருவுக்கு வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தது. அத்தை சொல்லும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"மத்தது என்ன வேணா எடுங்க. கதவு தொறக்கல. அத மட்டும் விட்டுறாதீங்க" என்றாள் அத்தை.

"எப்படிம்மா விடுவேன்? இந்தக் கதைக்கு உயிரே அதுதானே" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையில் தெருவே அவர் பின்னால் போனது. வழக்கு போட்டுப் பார்த்து, மனு கொடுத்துப் பார்த்து, இரண்டு கழகங்களின் மந்திரிகளையும் மாறி மாறிப் பார்த்து, எதிலும் ஏறாத விஷயம் அது. கதவு திறக்கவில்லை. இதை இந்த நாடு ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தார்கள். எனக்கு நாடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அம்மா ஒருத்தி பார்த்தால் போதும். மூடிய கதவைத் தன் கண்ணால் பார்த்தால் அவள் மனசு இறங்கிவிடும் என்று நம்பினேன்.

ஆற்றங்கரையில் பிணங்கள் கிடக்கிற காட்சிக்கு எங்கள் ஆட்களையே படுக்கச் சொன்னார்கள். ஆணும் பெண்ணுமாகச் சேற்றில் படுத்துக்கொண்டு, எறும்பு கடிக்கிறது என்று நெளிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். "பொணமெல்லாம் அசையாதீங்க!" என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். அதற்கும் ஒரு சிரிப்பு. அப்புறம் எப்படியென்று தெரியவில்லை, ஒரே சமயத்தில் எல்லோரும் அடங்கிப்போனார்கள். கரை நெடுக ஆள் கிடந்தது. ஒரு சத்தமில்லை. மேலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வயசானவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நடுவில் கிடக்க வேண்டிய இளம்பெண்ணுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு நடிகையை அழைத்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் சேற்றைப் பார்த்ததும் முடியாது என்றுவிட்டது. டைரக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "இந்த முகம் போதும்" என்றார். அத்தை வேண்டாமென்று தலையை ஆட்டினாள். நான் கேட்கவில்லை. டிவியில் வரப்போகிறேன் என்று எனக்குக் குஷி. பழைய காலத்துத் தாவணி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். முகத்தில் சாம்பல் நிறத்தில் எதையோ பூசி உதட்டில் ஊதா தடவினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். சேற்றுத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று காதிலும் இறுக்கமாகப் பஞ்சு அடைத்தார்கள். உலகத்தில் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி பாட வேண்டும். இதில்தான் வம்பு வந்தது. பஞ்சு அடைக்கிறவர் அடைத்துக்கொண்டிருந்தபோதே அத்தை டைரக்டரிடம் சண்டை பிடித்தது அரைகுறையாகக் கேட்டது. எங்கள் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. எடுத்தால் அது ஆள் தேடும். அதுவும் உயிரோடு படுத்திருக்கிற பெண்ணை வைத்து எடுப்பதாவது! கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னாள். ஒவ்வொருத்தியும் புயலில் போன தன் ஆளை நினைத்து அழட்டும், அந்த அழுகை அவரவர் ஆளுக்குப் போய்ச் சேரட்டும், இவளை யாரும் நினைக்க வேண்டாம் என்றாள். அப்படியே ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மாவையும் யாரோ இழுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கேட்காவிட்டாலும் தரை வழியாக அடி தெரிந்தது. பெண்கள் மாரில் அடிக்கிற அடி. அப்புறம் ஒரு கை என் முகத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மாவின் கை. நடவு நட்டு வெடித்த விரலை எனக்குத் தெரியாதா? அந்தக் கை நெற்றியிலிருந்து கீழே வந்து, மூக்கைத் தடவி, கன்னத்தைத் தடவி, பூவோ காயோ வாங்கும்போது திருப்பிப் பார்ப்பதுபோல் என் தாடையைப் பிடித்துத் திருப்பியது. என் கழுத்தில் சூடாக ஏதோ விழுந்தது. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. என்னவோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். ஒரு எழுத்துகூட என் காதில் ஏறவில்லை. எழுந்துவிடலாம் போலப் பயமாக இருந்தது. எழுந்தால் யாரைப் பார்த்து அலறுவாள் என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"கட்" சொன்னபோது நான் கண் திறந்தேன். அம்மா இல்லை. புடவையோடு ஆற்றில் இறங்கி முழுகிக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்தபடி எழுந்து போனார்கள். அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, அம்மா அழுதாங்களா? அக்காவச் சொல்லி அழுதாங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாதுடி. எழவுல பாடுனத எழவுலயே விட்டுட்டு வரணும். வாயில கொண்டாந்தா வூட்டுக்கு ஆவாது" என்றாள் அத்தை. என் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. "இரு, இரு. படத்துல வருமில்ல, அப்ப கேட்டுக்க. டிவி சொன்னா குத்தமில்ல."

அம்மாவையே கேட்டேன். "நான் எங்க அழுதேன்? வாய அசைக்கச் சொன்னாங்க, அசைச்சேன்" என்றாள். அன்றைக்கும் ஒரு பிடி அரிசி கூடத்தான் போட்டாள்.

அதனால் அந்த நாடகத்துக்காக இந்தத் தமிழ்நாட்டில் என்னைப்போல் காத்திருந்தவர் யாருமில்லை. கதவு மூடியிருப்பதை அம்மா பார்க்க வேண்டும். அம்மா அழுததை நான் கேட்க வேண்டும். அவள் வாயால் அக்கா செத்ததைச் சொல்லியிருந்தால், அதை ஊரே கேட்டபிறகு எப்படி இல்லையென்பாள்? தைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் போட்டார்கள். தெருவுக்குப் பக்கத்திலேயே பஞ்சாயத்து டிவி, சுவருக்குள் பெட்டியடித்து வைத்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் குளித்துவிட்டு, சலவைத் துணி உடுத்திக்கொண்டு, சாவுக்குப் போகிற மாதிரியும் இல்லாமல் கல்யாணத்துக்குப் போகிற மாதிரியும் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். டிவிப் பெட்டிக்குக் கீழே யாரோ ஒரு சூடத்தைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அம்மா முன் வரிசையில், நான் அவளுக்குப் பக்கத்தில்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. புயல் என்று காற்றாடியை வைத்து ஊதியிருக்கிறார்கள். முன்னால் நாயகியின் முடி பறக்கிறது, பின்னால் தென்னை மட்டை அசையவில்லை. "நல்லா இருக்குய்யா காத்து, ஆளப் பாத்து அடிக்குது" என்றார் ஒருவர். வெள்ளம் குழாய்த் தண்ணீர் மாதிரி வெள்ளையாக வந்தது. "அன்னைக்கு வந்த தண்ணி கருப்பு. கரும்பு ஆலக் கழிவாட்டம் கருப்பு" என்றது ஒரு குரல். பண்ணையார் மகனுக்கும் எங்கள் தெருப் பெண்ணுக்கும் காதல் என்று ஒரு பாட்டு. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் சனங்கள் பேசுவதாகச் சொல்லி எந்த ஊரிலும் இல்லாத ஒரு பேச்சைப் பேசினார்கள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, போலீஸ் இல்லை. போகட்டும், கதவு வரட்டும் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

கதவு வந்தது. நிஜமான கதவு, எங்களுக்குத் தெரிந்த அதே தேக்குக் கதவு. வெளியே சனம் நின்று தட்டுகிறது. ஒரு நிமிஷம் தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு கதவு திறந்தது. இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. உள்ளேயிருந்து பண்ணையார் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "வாங்க, வாங்க, எல்லாரும் உள்ள வாங்க, இது ஒங்க வீடு" என்றார். சனம் அழுதுகொண்டே உள்ளே போயிற்று. ஒருவர் விடாமல் போயிற்று.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று நினைத்தேன். கட்டையில போறவன் என்று ஒரு வார்த்தையாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கதவு திறப்பதாகக் காட்ட வேண்டும் என்பது, படம் எடுக்க வீடு கொடுத்த பண்ணைக்காரர்கள் போட்ட நிபந்தனை என்று பிறகு கேள்விப்பட்டோம். அப்போது அது தெரியாது. எங்களோடு அன்றைக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் திரையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் முதுகையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அமைதியில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. சந்தோஷமான குரல்.

"பாத்தீங்களா? நான் சொன்னனா இல்லியா? தொறந்தாங்கல்ல."

தாடிக்காரப் பாவி, நீ நல்லா இருப்பியா? நீ திறந்த கதவு என் தலையில் இடித்தது. இனிமேல் அக்கா சாகமாட்டாள். எனக்கு முன்னால் கிழவியாகி, என்னையும் கிழவியாக்கிவிட்டுத்தான் விடுவாள். எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினேன்.

அப்போது ஆற்றங்கரை வந்தது, கதவுவரை வந்து சேராமல் வழியிலேயே போனவர்களாம். கரை நெடுகக் கிடக்கிறவர்களைக் காட்டிக்கொண்டே வந்து, நடுவில் கிடந்த பெண்ணின் முகத்தில் நிறுத்தினார்கள். என்னைப் பார்க்கப்போகிறேன் என்று பார்த்தேன். அது நான் இல்லை. நான் அந்த மாதிரி இருந்ததே இல்லை. சாம்பல் முகம், ஊதா உதடு, பழைய தாவணி, ஒட்டிப்போன முடி. எனக்குத் தெரியாத ஒருத்தி. எங்கள் அக்காவை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பக்கத்தில் அம்மா கல்லாகிவிட்டாள். இத்தனை வருஷமும் மனசுக்குள் வயது ஏற்றி, உடம்பு பருக்க வைத்து, கண்ணாடி மாட்டிவைத்திருந்த மகள். திரையில் கிடந்தவளுக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை. போனபோது எப்படிப் போனாளோ அப்படியே கிடந்தாள்.

திரையில் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா அந்த முகத்தைத் தடவினாள். வாயைத் திறந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். வயலின் கேட்டது. வெறும் வயலின். அத்தனை பெண்களும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், மாரில் அடிக்கிறார்கள், சத்தமே இல்லை. எங்கள் பெண்கள் கொடுத்த அழுகை மொத்தத்தையும் எடுத்துவிட்டு அதற்குமேல் சங்கீதத்தைப் பூசியிருந்தார்கள். தண்ணீருக்குள் இருந்துகொண்டு கத்துகிறவர்கள் மாதிரி இருந்தது. "எங்கடி நம்ம கொரலு?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

அம்மா எழுந்தாள். டிவிக்கு முன்னால் போய் நின்றாள். திரையில் அவள் வாய் அசைந்தது. இங்கேயும் அவள் வாய் அசைந்தது. குரல் வந்தது.

"போவமாட்டேன் போவமாட்டேன்னு
பொடவையப் புடிச்சியே
புடிச்ச கையத் தட்டிவிட்டுப்
புள்ளையத் தொரத்துனனே
தொறக்காத கதவுக்கு
ஒன்னத் தூது அனுப்புனனே..."

வார்த்தைக்கு வார்த்தை திரையிலிருந்த வாயோடு பொருந்தியது. அங்கே உதடு எங்கே மூடியதோ இங்கே அங்கேதான் மூச்சு வாங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா தானாக ஓடவில்லை. பண்ணை வீட்டில் ஏசுவார்கள் என்று போகப் பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மா கையைத் தட்டிவிட்டு விரட்டியிருக்கிறாள். கதவு திறக்கவில்லை என்பதும் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. திறந்ததாக வைத்துக்கொண்டால்தான் அனுப்பிய பாவம் தன்மேல் நிற்காது என்று இத்தனை வருஷமும் அதைத் திறந்தே வைத்திருந்திருக்கிறாள்.

அத்தை எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, திரையில் அசைந்த தன் வாய்க்குத் தன் அழுகையைக் கொடுத்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். திரையில் ஒவ்வொருத்தியும் எதை அழுதாளோ, அதை இங்கே அவளவள் வாயால் அழுதாள். வயலின் கேட்காமல் போனது. காட்சி முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. யாரும் நிறுத்தவில்லை. ஆம்பிளைகளில் ஒருவர் போய் டிவியை அணைத்தார். அணைந்த பிறகும் அழுகை நின்றபாடில்லை.

மறுநாள் டீக்கடையில் ஒரே ஆத்திரம். நாடகத்துலகூட நெசத்தக் காட்டமாட்டானுவளா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எதிர்த்து எழுத வேண்டும் என்றார்கள், பஸ் மறியல் என்றார்கள். எங்கள் வீட்டில் அம்மா விடிந்ததும் ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்து, "பெரியவளுக்குக் கருமாதிக்கு நாள் பாக்கச் சொல்லு" என்றாள். வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த வாரமே சீர்காழிக்குச் சொல்லி அனுப்பினோம். தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது உடனே எனக்கு உறைக்கவில்லை. தாலி கட்டும்போது மாலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், என் கால் விரலைப் பார்த்தாள், அவ்வளவுதான். குழந்தை பிறந்து தூக்கிக்கொண்டு போனபோது குழந்தையைக் கொஞ்சினாள். எனக்குச் சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள். உடம்பு சரியில்லையா, மெலிஞ்சு போயிருக்கியா என்று கேட்பாள், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே கேட்பாள். முன்பு எனக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துப் பேசினாள். இப்போது என் இடத்திலேயே பார்க்க முடியாத ஒன்று இருந்தது.

ஒருதடவை ஊருக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குக் கூட வந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, என் மூஞ்சிய ஒரு தடவ ஏறிட்டுப் பாத்தா என்னா? நான் அவ இல்லம்மா" என்றேன்.

அவள் சாலையைப் பார்த்தபடியே நின்றாள். "தெரியும், புள்ள. ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தா, போவாதன்னு சொல்லிப்புடுவேன்" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன்.